தெரிந்த பாட்டு, தெரியாத அணில்

கேள்வி: எனக்கு வயது 52. வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். பக்கவாதம் வந்து படுக்கையிலிருக்கும் மாமனாரையும் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, சின்ன வயதிலிருந்தே பிடித்த பத்துப் பன்னிரண்டு பாட்டுகள். இன்னொன்று, கொல்லைக்கு வரும் அணில்களும் குருவிகளும். சாயந்திரம் பின்வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மனம் லேசாகிவிடும். இதையே கூடுதலாகச் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று, சில மாதங்களாக வேலை நேரம் முழுக்க இயர்போனில் அந்தப் பாட்டுகளையே ஓடவிட்டேன். கொல்லையில் உட்காரும்போதும் காதில் பாட்டுதான். வருகிற பறவைகளைப் படம் எடுத்து, எத்தனை வந்தன என்று நோட்டில் எழுதவும் ஆரம்பித்தேன். இப்போது பாட்டு கேட்டால் ஒன்றுமே தோன்றவில்லை. அணிலைப் பார்த்தால் "அதே அணில்தானே" என்றிருக்கிறது. தோழி பேசினால் சிரிக்கிறேன், புத்தகம் படிக்கப் பிடிக்கிறது. ஆனால் இந்த இரண்டும் விட்டுப்போய்விட்டன. இது மனச்சோர்வின் ஆரம்பமா? வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கும்போது குருவி பார்த்துக்கொண்டிருப்பது சுயநலம் இல்லையா? "வேலைவெட்டி இல்லாதவங்க பண்ற காரியம்" என்கிறார் கணவர்.

பி.கு.: ஜன்னல் பக்கம் ஒரு தேன்சிட்டு வந்துபோகிறது. அதன் குரலைப் போனில் ஓடவிட்டால் கூடு கட்ட வருமா?

பதில்:

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு மனச்சோர்வு இருக்கிறது, இல்லை என்று எந்த ஆலோசகரும் அடித்துச் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் நல்ல தடயம் ஒன்று இருக்கிறது. தோழியின் பேச்சுக்குச் சிரிக்கிறீர்கள், புத்தகம் பிடிக்கிறது. மனச்சோர்வு பொதுவாக இப்படி இரண்டு விஷயங்களை மட்டும் பொறுக்கியெடுத்து ருசியைக் கெடுப்பதில்லை. முன்பு பிடித்த ஏறக்குறைய எல்லாமே வெறிச்சென்று ஆகும். அதுவும் நாளின் பெரும்பகுதி, அனேகமாக எல்லா நாளும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல். கூடவே தூக்கம், பசி, உடல் தெம்பு, தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் மாறும். அப்படி ஒரு நிலை வந்தால் பாட்டையும் அணிலையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே பாருங்கள். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் விஷயத்தில் நடந்திருப்பது வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. திகட்டிவிட்டது, அவ்வளவுதான். இன்பத்துக்கு மனம் பழகிப்போவதைப் பற்றி பிரிக்மன், கேம்பெல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1971-லேயே எழுதியிருக்கிறார்கள். நல்லது ஒன்று நடந்தால் கொஞ்ச நாள் துள்ளுகிறோம், அப்புறம் அதுவே சாதாரணமாகிவிடுகிறது. சம்பள உயர்வுக்கே இந்தக் கதி என்றால் நாலு நிமிடப் பாட்டு எம்மாத்திரம்?

ஆனால் "திகட்டிவிட்டது, கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கள்" என்று இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். பாட்டும் கொல்லையும் உங்களுக்குக் கொடுத்துவந்தது ஒரே வகை இன்பம் இல்லை. சொல்லப்போனால் நேரெதிர்.

பிடித்த பாட்டில் அடுத்து என்ன வரும் என்பது உங்களுக்கு அத்துப்படி. இந்த இடத்தில் தாளம் ஒரு கணம் நிற்கும், பிறகு குரல் மேலே ஏறும், அதற்குப் பின்னால் வயலின்கள் வந்து சேர்ந்துகொள்ளும். எல்லாம் தெரியும். தெரிந்திருப்பதுதான் அங்கே சுகம். கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மூளைக்குள்ளேயே பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். கேட்டால் எனக்குப் புல்லரிக்கும் என்று அவரவர் தேர்ந்தெடுத்த இசையையே அவரவருக்குப் போட்டு, ஸ்கேன் எடுத்தார்கள். புல்லரிக்கும் நேரத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரந்தது. சுவாரசியம் அது இல்லை. புல்லரிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, மூளையின் இன்னொரு பகுதியிலும் அது சுரந்தது. "இதோ வரப்போகிறது" என்ற காத்திருப்புக்கே மூளை கூலி கொடுத்துவிடுகிறது.

கொல்லையில் அப்படியே தலைகீழ். அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. குருவி வரலாம், வராமலும் போகலாம். அணில் மரத்திலிருந்து இறங்கிப் பாதியில் நின்று, எதையோ நினைத்துக்கொண்டதுபோல் திரும்பி ஓடிவிடலாம். தெரியாதிருப்பதுதான் அங்கே சுகம்.

இந்த இரண்டையும் ஒன்றாக அனுபவித்த ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். இசையமைப்பாளர் மோட்சார்ட் 1784-ல் ஸ்டார்லிங் என்ற பறவையை விலைக்கு வாங்கினார். நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது, மைனாவைப் போலவே கேட்டதைத் திருப்பிச் சொல்லும். அவர் அப்போதுதான் எழுதி முடித்திருந்த இசைக்கோவை ஒன்றின் மெட்டை அது பாடியது, ஓரிரு சுரங்கள் மட்டும் பிசகி. செலவுக் கணக்கு எழுதும் நோட்டில் பறவையின் விலைக்குக் கீழேயே அந்தப் பிசகிய மெட்டையும் குறித்து, அழகாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். நீங்களும் கணக்கு எழுதுபவர் என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டையும் கூடுதலாக்கினீர்கள். பாட்டு ஓயாமல் ஓடியதால் காத்திருப்பதற்கே இடமில்லாமல் போய்விட்டது. எட்டு மணி நேரம் காதில் இருக்கிற ஒன்றுக்காக யார் ஏங்குவார்கள்? கொல்லையில் தெரியாமை போய்விட்டது. காதை இயர்போன் அடைத்துவிட்டது, கண்ணைக் கேமரா எடுத்துக்கொண்டது, மிச்சமிருந்த மனது எண்ணிக்கையில் இறங்கிவிட்டது. ஆக, பாட்டுக்கு வேண்டிய இடைவெளியைப் பாட்டுக்குக் கொடுக்கவில்லை, கொல்லைக்கு வேண்டிய கவனத்தைக் கொல்லைக்குக் கொடுக்கவில்லை. இதில் உங்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்லது என்றால் இன்னும் கொஞ்சம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும்.

பாட்டிலிருந்து தொடங்கலாம், அதுதான் சுலபம். அந்தப் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளையும் ஒரு வாரம் தொடாதீர்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் சாக்லேட்டை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு நிறைய சாக்லேட்டைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் முடிந்தவரை சாப்பிடச் சொன்னார்கள். இன்னொரு குழு அந்த வாரம் சாக்லேட்டையே தொடக்கூடாது. மூன்றாவது குழுவுக்கு நிபந்தனை எதுவும் இல்லை. வார முடிவில் எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்தபோது அதிகம் ரசித்தவர்கள் தொடாமல் இருந்தவர்கள்தான். இஷ்டம்போல் சாப்பிட்டவர்களும் நிபந்தனை இல்லாதவர்களும் அவர்களுக்குப் பின்னால்தான்.

ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு பாட்டு. வேலை செய்துகொண்டே கேட்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், இன்னொரு தடவை போடத் தோன்றினாலும். தோன்றுவது நல்ல அறிகுறிதான், அந்த ஆசையை அடுத்த நாளைக்கு மிச்சம் வையுங்கள். தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும் வசதி செயலியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அந்த வசதியைச் செய்துவைத்தவர்களுக்கு நீங்கள் ரசிப்பது முக்கியமில்லை, நிறுத்தாமலிருப்பதுதான் முக்கியம்.

முதல் தடவையே பழைய சிலிர்ப்பு திரும்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். "வருகிறதா, வருகிறதா" என்று உள்ளே பார்த்துக்கொண்டே கேட்டால் பாட்டு காதில் விழாது. பாட்டில் இதுவரை கவனிக்காத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குரலை விட்டுவிட்டுத் தபலா என்ன செய்கிறது என்று கேளுங்கள். இன்னொரு நாள், பின்னணியில் யாரோ ஓரமாக வாசிக்கும் புல்லாங்குழல் எங்கே நுழைந்து எங்கே விலகுகிறது என்று. வருடக்கணக்காகக் கேட்ட பாட்டில்கூட இப்படி அரைகுறையாய்க் கேட்ட பகுதிகள் நிறைய இருக்கும்.

வேலை நேரத்தில் ஏதாவது ஓடினால்தான் கை நகரும் என்றால் வேறு எதையாவது போட்டுக்கொள்ளுங்கள், சொற்கள் இல்லாத இசையாக இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கென்று வைத்திருக்கும் பாட்டுகளைக் கணக்குக்கு ஊழியம் செய்ய விடாதீர்கள். இன்னொன்று, இது மனம் அல்ல, காது சம்பந்தப்பட்டது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான எல்லையாக வைத்திருக்கிறது. ஒலி கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். வேலை நேரம் முழுக்கக் கேட்கிறீர்கள் என்றால், மணிக்கணக்கில் எல்லைக்குப் பக்கத்தில்தான் இருப்பீர்கள்.

இனி கொல்லை. அங்கே நீங்கள் விட்டுப் பிடிக்க வேண்டியதில்லை, தினமும் போகலாம், போக வேண்டும். இயர்போனும் போனும் நோட்டும் மட்டும் உள்ளேயே இருக்கட்டும்.

படம் எடுப்பதைப் பற்றி நான் ஒரேயடியாகக் குறை சொல்லமாட்டேன். சிலருக்குக் கேமரா இருந்தால்தான் கண்ணே திறக்கும். ஆனால் எண்ணிக்கை அப்படியில்லை. ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் 2016-ல் வெளியிட்ட சோதனைகளில், வண்ணம் தீட்டுவது, நடப்பது, படிப்பது போன்ற இன்பமான காரியங்களைச் செய்பவர்களுக்கு எவ்வளவு செய்தோம் என்ற அளவைக் காட்டிப் பார்த்தார். அளவு தெரிந்தவர்கள் கூடுதலாகச் செய்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். அளக்க ஆரம்பித்ததும் விளையாட்டு வேலையாகிவிடுகிறது. நீங்களோ பகல் முழுக்க ஊரார் கணக்கை எழுதிவிட்டு, சாயந்திரம் குருவிக்கும் பேரேடு திறந்திருக்கிறீர்கள்! எண்ணித்தான் ஆகவேண்டும் என்று கை பரபரத்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள், உலகம் முழுக்க மக்கள் தங்கள் வீட்டுப் பக்கம் வரும் பறவைகளைக் கால் மணி நேரமாவது எண்ணிப் பதிவு செய்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் தொடங்கியது, இப்போது எங்கிருந்தும் சேரலாம், விஞ்ஞானிகளுக்கும் உபயோகம். அந்த நான்கு நாளில் ஆசை தீர எண்ணுங்கள்.

மற்ற நாட்களில்? "அதே அணில்தானே" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. அது அதே அணில் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வாலைப் பாருங்கள். ஒன்றின் வால் நுனி மொட்டையாக இருக்கும், ஒன்றுக்குக் காதில் வெட்டு, ஒன்று மற்றதைவிடத் துணிச்சலாக உங்கள் காலருகே வரும். யார் யாரைத் துரத்துகிறார்கள், யார் எந்த வழியாக இறங்குகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் ஆள் தெரிந்துவிடும். ஆள் தெரிந்துவிட்டால் நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்ற கேள்வி வரும். கேள்வி வந்தபிறகு கொல்லை பழையதாகாது. அணில் வாலைச் சுண்டிச் சுண்டி ஓயாமல் கத்துகிறது என்றால் பக்கத்தில் பூனையோ பாம்போ பருந்தோ இருக்கலாம். கத்தும் திசையில் அல்ல, அது முறைத்துக்கொண்டிருக்கும் திசையில் தேடுங்கள். காதில் இயர்போன் இருந்தவரை இதெல்லாம் உங்களுக்குக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை.

தவிட்டுக்குருவிகள் வருகின்றனவா? அவை தனியாக வருவதில்லை. ஆறேழு சேர்ந்து கலகலவென்று இறங்கிச் சருகைக் கிளறும். எல்லாம் தலை குனிந்து இரை தேடும்போது ஒன்று மட்டும் மேலே கிளையில் உட்கார்ந்து காவல் பார்ப்பதைக் கவனித்துப் பாருங்கள். எப்போது ஆள் மாறுகிறது என்று பார்த்தால் நேரம் போவது தெரியாது. காகம் வந்தால் நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம், அதுவும் உங்களைப் பார்க்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். அப்புறம் ஆண்டுக்கணக்கில், யார் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் காகங்கள் கூடித் திட்டின. அந்தக் காகங்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்ட மற்றவையும் சேர்ந்துகொண்டன. உங்கள் முகம் உங்கள் கொல்லைக் காகத்துக்கு அனேகமாகத் தெரிந்திருக்கும்.

பறவையே வராத நாள் உண்டு. அன்றைக்குக் கண்ணைக் கீழே இறக்குங்கள். சுவரில் வலை கட்டாமல் தத்தித் தாவும் சின்னச் சிலந்தி இருக்கும். அதன் பக்கம் விரலைக் கொண்டுபோனால் உடம்பையே திருப்பி உங்களை நிமிர்ந்து பார்க்கும். எட்டுக் கண்ணில் முன்னாலிருக்கும் பெரிய இரண்டும் அவ்வளவு கூர்மை. எறும்புச் சாரையின் நடுவில் ஈரத் துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் மணத்தடம் அறுந்து இரண்டு பக்கமும் கூட்டம் தடுமாறி நிற்கும். எவ்வளவு நேரத்தில் திரும்ப இணைகிறது என்று பாருங்கள். இதற்குப் பறவைப் புத்தகமோ செயலியோ தேவையில்லை.

வரவு கூட வேண்டுமென்றால் தீனியைவிடத் தண்ணீர் நல்லது. தட்டையான பாத்திரம், குருவி நின்று குளிக்கிற அளவுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம், கால் வழுக்காமலிருக்க உள்ளே ஒரு கல். தினமும் கழுவி மாற்றிவிட்டால் கொசுவும் பெருகாது, பறவைகளுக்குள் நோயும் பரவாது. பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்திவிடுங்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சி, புழுவைத்தான் ஊட்டும். பூச்சி இல்லாத கொல்லைக்குப் பறவை எதற்கு வரப்போகிறது?

இந்தக் கொஞ்ச நேரத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றினால் ஒரு தகவல். லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் 1,292 பேர் கலந்துகொண்டார்கள். நாளுக்குச் சில முறை போனில், இப்போது உங்கள் கண்ணில் பறவை படுகிறதா, காதில் பறவைச் சத்தம் விழுகிறதா, மனநிலை எப்படி என்று கேட்டார்கள். பறவை இருந்த வேளைகளில் மனநிலை மேலாக இருந்தது, அது சில மணி நேரம் நீடிக்கவும் செய்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இது தெரிந்தது. இதை வைத்துக் குருவியை மருந்து என்று சொல்லிவிட முடியாது. வெட்டிவேலை என்றும் சொல்லிவிட முடியாது.

சுயநலமா என்று கேட்டிருந்தீர்கள். சார்லஸ் டார்வின் தன் கடைசிக் காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் ஒரு வருத்தத்தைப் பதிவு செய்திருக்கிறார். இளமையில் கவிதையும் இசையும் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். வயதானபோது கவிதை ஒரு வரி படிக்க முடியவில்லை. இசை கேட்டாலோ இன்பத்துக்குப் பதில், செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றிய யோசனைதான் வேகமாக ஓடியது. மறுபடி வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை படிப்பதையும் கொஞ்சம் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன், இந்த ரசனைகளை இழப்பது மகிழ்ச்சியை இழப்பது என்று எழுதினார். அவ்வளவு பெரிய வேலை செய்தவருக்கே கடைசியில் இது இழப்பாகத் தெரிந்திருக்கிறது. அதே மனிதர், மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, வீட்டில் அதன் பக்கத்தில் பசூன் என்ற குழல்வாத்தியத்தை ஊதவைத்தவர். பியானோவையும் பலமாக வாசிக்கவைத்தார். புழு அசையவில்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் அதிர்வு தாங்காமல் சட்டென்று வளைக்குள் போய்விட்டது. 1881-ல் வந்த மண்புழுப் புத்தகத்தில் இதையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறார். கொல்லையில் உட்காருவதை வேலைவெட்டி இல்லாதவர்களின் காரியம் என்று சொல்பவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

ஆனால் கணவரோடு வாதம் செய்து ஜெயிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது அவருடைய ஒப்புதல் அல்ல, இருபது நிமிடம். அதை அப்படியே கேளுங்கள். "சாயந்திரம் ஆறிலிருந்து ஆறு இருபது வரைக்கும் அப்பாவை நீங்க பார்த்துக்கணும்" என்றால் போதும். எதற்கு என்ற விளக்கம் வேண்டாம். அவரைப் பெற்ற அப்பாதானே.

மாமனாரையும் இதில் சேர்க்கலாம் என்று தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ராஜர் அல்ரிச் என்பவர் ஒப்பிட்டு 1984-ல் வெளியிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஜன்னல் பக்கவாதத்தைக் குணமாக்காது, ஆனால் கட்டிலைத் திருப்பிப் போடச் செலவில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தை அவர் கண்ணுக்குத் தெரிகிறபடி ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள். அவ்வளவு பக்கத்தில் என்றால் கிளம்பும் பறவை வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதும் ஆபத்தும் குறையும். அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேளுங்கள். பொதுவாகப் பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் கேட்ட பாட்டுகள்தான் மனதில் ஆழமாக நிற்கும். அவருடைய அந்த வயதுப் பாட்டைத் தேடிப் போடுங்கள், உங்களுடையதை அல்ல.

ஒன்றே ஒன்று. அது அவருடைய ஜன்னல், அவருடைய பாட்டு. உங்கள் இருபது நிமிடத்தை அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அவருக்குக் குருவி காட்டுவது அன்பான காரியம்தான், ஆனால் அதுவும் பராமரிப்புதான். அந்த நேரத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது குருவியை அல்ல, அவர் முகத்தை. இரண்டும் தனித்தனியாக நடக்கட்டும்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். பாட்டு திரும்பிவராமல் கொல்லை மட்டும் திரும்பினால் கவலைப்படாதீர்கள், சில பாட்டுகள் சில வருடங்கள் ஓய்வு கேட்கும். இரண்டுமே திரும்பாமல், தோழியின் பேச்சும் புத்தகமும்கூட மங்க ஆரம்பித்தால், தொடக்கத்தில் சொன்னபடி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தேன்சிட்டு விஷயம். போனில் குரலை ஓடவிடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டது என்றுதான் அது நினைக்கும். இல்லாத எதிரியைத் தேடி அலைந்து தெம்பைச் செலவழிக்கும், குஞ்சு இருந்தால் இரை கொடுப்பதை விட்டுவிட்டு வரும். கடைசியில் இடமே பிடிக்காமல் போகலாம். குழல் வடிவப் பூக்கள் உள்ள செடி ஏதாவது இருந்தால் வெட்டாமல் விடுங்கள். ஜன்னலோர ஒட்டடையையும் கொஞ்ச நாள் அடிக்காதீர்கள். தொங்கும் பைபோலக் கூடு கட்டும் பெண் தேன்சிட்டு, நாரையும் சருகையும் ஒட்டவைக்கச் சிலந்தி நூலைத்தான் எடுத்துப்போகும். வீட்டில் யாராவது ஒட்டடையைக் காட்டிக் கேட்டால் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.